40,000 பேருக்கு நடுவில் ஒரு மாணவி: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் உள்ள பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களைப் பற்றித்தான் இந்த முறை கேள்விகள் அதிகம். சேர்க்கைக் கடிதங்கள் வந்து சேர்கிற பருவம், அதனால் இருக்கலாம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லை.

கேள்வி: என் மகளுக்கு அமெரிக்காவில் ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. 40,000 மாணவர்களுக்கு மேல் படிக்கிறார்கள். முதல் வருட வேதியியல் வகுப்பில் 400 பேர் உட்காருவார்களாம். இவளோ தானாகப் போய் யாரிடமும் பேசமாட்டாள். கூட்டத்தில் காணாமல் போய்விடுவாளோ? – கவலையில் இருக்கும் ஓர் அம்மா

400 பேர் வகுப்பு உண்மைதான் அம்மா, அதைவிடப் பெரிய வகுப்புகளும் உண்டு. ஆனால் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதியாகக் குறையும். வாரத்தில் இரண்டு மூன்று முறை பெரிய அரங்கில் பேராசிரியர் பாடம் நடத்துவார், மைக் வைத்துக்கொண்டு, பின்வரிசையில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருக்க. அதே பாடத்துக்கு வாரம் ஒருமுறை இருபது, இருபத்தைந்து பேர் கொண்ட சின்ன வகுப்பு தனியாக உண்டு, அதை டிஸ்கஷன் செக்‌ஷன் என்பார்கள். நடத்துபவர் டி.ஏ., அதாவது அதே துறையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர். வேதியியல் என்றால் ஆய்வகமும் அப்படித்தான், சின்னக் குழு, ஒரு டி.ஏ. உங்கள் மகளின் விடைத்தாளைப் பெரும்பாலும் திருத்தப்போவதும் அவளுக்கு எந்த இடத்தில் தடுக்கிறது என்று முதலில் கவனிக்கப்போவதும் அவர்தான். டி.ஏ. பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் ஒரு செமஸ்டரை ஓட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், காணாமல் போகிறவர்கள் அவர்கள்தான்.

அடுத்தது ஆபீஸ் ஹவர்ஸ். பேராசிரியர் வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மாணவர்களுக்காகவே உட்கார்ந்திருப்பார். இவ்வளவு பெரிய வகுப்பில் எத்தனை பேர் போவார்கள் என்று நினைக்கிறீர்கள்? பரீட்சைக்கு முந்தின வாரத்தை விட்டால் விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் டி.ஏ.வாக இருந்த காலத்தில் அந்த நேரத்தில் பல நாள் ஈ ஓட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். நம் வீட்டுப் பிள்ளைகள் போகவே மாட்டார்கள், ஏனென்றால் வாத்தியார் அறைக்குக் கூப்பிட்டால் அது திட்டு வாங்கத்தான் என்று வளர்ந்திருக்கிறார்கள். போய் அறிவாளித்தனமாக எதுவும் கேட்க வேண்டாம். “இந்தக் கணக்கில் மூன்றாவது வரி வரை புரிந்தது, அதற்கப்புறம் ஏன் இப்படிப் போகிறது?” என்று கேட்டால் போதும். அதே ஆளிடம் நாலு முறை இப்படிப் போனால் அவருக்கு முகம் தெரியும், பேர் தெரியும், மேல்படிப்புக்கோ வேலைக்கோ சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்று கேட்கும்போது “யார் நீ?” என்று பார்க்கமாட்டார்.

மூன்றாம் வருடம் வந்தால் துறைப் பாடங்களில் பல முப்பது, நாற்பது பேருக்குச் சுருங்கிவிடும் (கணினித் துறை மாதிரி கூட்டம் அலைமோதும் இடங்கள் விதிவிலக்கு). அதற்கு முன்னாலேயே அந்த இடத்தைச் சின்னதாக்கிக்கொள்ள ஒரு நல்ல வழி ஆய்வகத்தில் வேலை. இளநிலை மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஆய்வுக்குழுக்கள் எல்லாத் துறையிலும் இருக்கின்றன, சில இடத்தில் மணிக்கூலி, சில இடத்தில் பாடத்துக்கான கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடப் புள்ளி. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சூப்பர்கம்ப்யூட்டிங் மையத்தில் அப்படி வேலைக்குப் போன மாணவர்தான் மார்க் ஆண்ட்ரீசன். அங்கே ஊழியராக இருந்த எரிக் பீனாவும் அவரும் சேர்ந்து எழுதிய மொசைக் பிரவுசர் 1993ல் வெளியானது, சாதாரண மக்கள் இணையத்துக்குள் வந்ததே அதற்குப் பிறகுதான். எல்லாரும் மொசைக் எழுதப்போவதில்லை, சரி. ஆனால் சோதனைக் குழாய் கழுவப் போனால்கூட ஆறேழு பேருக்கு உங்கள் மகள் வரவில்லையென்றால் தெரியும், அதுவே பெரிய விஷயம்.

ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். அங்கே உதவி எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறார்கள், எழுதச் சொல்லித்தர ஒரு மையம், கணக்குக்கு ஒரு மையம், மனசு சரியில்லையென்றால் பேச ஓர் இடம், ஆனால் யாரும் தேடி வரமாட்டார்கள். அதோடு, முதல் நாள் தருகிற சிலபஸை ஒரு வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் எப்படிப் பிரிகிறது, தாமதமாகக் கொடுத்தால் என்ன ஆகும் எல்லாம் அதில் இருக்கும். ஒரு பாடம் ஒத்துவரவில்லையென்றால் எந்தத் தேதிக்குள் விட்டுவிடலாம் என்பது பல்கலைக்கழக நாட்காட்டியில் இருக்கும். அந்தத் தேதியைத் தவறவிட்டுவிட்டு அழுத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ‘ஆர் 1’ பல்கலைக்கழகம் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது தரவரிசையா? நோபல் பரிசு பெற்றவர்கள் எல்லாம் இருக்கிறார்கள் என்றால் பாடமும் நன்றாக நடத்துவார்கள்தானே?

தரவரிசை இல்லை, ஒரு வகைப்பாடு. கார்னகி வகைப்பாடு என்று பெயர். 2025ல் மாற்றியமைத்த கணக்குப்படி, வருடத்துக்கு 5 கோடி டாலருக்குக் குறையாமல் ஆராய்ச்சிக்குச் செலவு செய்து, 70 பேருக்காவது ஆராய்ச்சி முனைவர் பட்டம் கொடுத்தால் ‘ஆர் 1’. கவனியுங்கள், இதில் முதல் வருட மாணவருக்கு யார், எப்படிப் பாடம் எடுக்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நோபல் பரிசு வாங்கினால் வளாகத்துக்குள் வண்டி நிறுத்தத் தனி இடம் கொடுப்பார்கள், ‘என்.எல்.’ என்று பலகை மாட்டி. அங்கே பார்க்கிங்குக்கு இருக்கிற தட்டுப்பாட்டில் பரிசுப் பணத்தைவிட அதுதான் பெரிது என்று சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட ஆளிடம் படிப்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பேராசிரியருக்குப் பதவி உயர்வு கிடைப்பது பெரும்பாலும் அவருடைய கட்டுரைகளையும் அவர் கொண்டுவரும் ஆராய்ச்சிப் பணத்தையும் வைத்துத்தான். முதல் வருடப் பாடங்களை மிக நன்றாக எடுப்பவர்கள் பல இடங்களில் லெக்சரர் என்ற பதவியில், ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். பேருக்காகப் பெரிய ஆளின் வகுப்பில் போய் உட்காருவதைவிட, மூத்த மாணவர்களிடம் விசாரித்து இவர்களின் வகுப்பில் சேருவதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

கேள்வி: மகனைப் பார்க்கப் போயிருந்தேன். பல்கலைக்கழகத்துக்கு நடுவில் சோளக்கொல்லை! மாட்டுப் பண்ணை வேறு. உலகத்தரம் வாய்ந்த ஆராய்ச்சி நடக்கிற இடத்தில் இதெல்லாம் எதற்கு?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. பதிலும் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்தது இல்லினாயின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகமாக இருந்தால், அந்தக் கொல்லைக்கு மாரோ பிளாட்ஸ் என்று பெயர். 1876லிருந்து அங்கே சோளம் விளைகிறது, ஒரே நிலத்தில் ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போட்டால் மண் என்ன ஆகிறது, மாற்றிப் போட்டால் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காக. பக்கத்தில் இளநிலை மாணவர்களுக்கு ஒரு நூலகம் கட்ட வேண்டி வந்தபோது, கட்டடத்தின் நிழல் பயிர் மேல் விழுந்தால் இத்தனை வருடக் கணக்கும் கெட்டுவிடும் என்று நூலகத்தையே பூமிக்கு அடியில் கட்டினார்கள். 1969ல் திறந்தார்கள். சோளத்துக்கு வெயில் மறையக் கூடாது என்று நூலகத்தைப் புதைத்த பல்கலைக்கழகம்!

இதற்கெல்லாம் வேர் 1862ல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் மத்திய அரசு நிலம் கொடுத்தது. அதை விற்றுக் கிடைக்கும் பணத்தில் விவசாயமும் பொறியியலும் சொல்லித்தரும் கல்லூரிகளை நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. பணக்காரர் பிள்ளைகள் லத்தீனும் கிரேக்கமும் படித்துக்கொண்டிருந்த காலத்தில் விவசாயி, தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் உயர்கல்வி என்ற எண்ணம் பெரிய எண்ணம்தான். ஆனால் அந்த நிலம் சும்மா கிடந்த நிலம் இல்லை, பூர்வகுடி மக்களிடமிருந்து மிரட்டியும் ஒப்பந்தம் போட்டும் பறித்தது. இன்று பல பல்கலைக்கழக விழாக்களில் இதை ஒப்புக்கொண்டு ஒரு அறிக்கை வாசிக்கிறார்கள். வாசித்ததற்கு மேல் என்ன செய்தார்கள் என்று பூர்வகுடி மாணவர்கள் கேட்கிறார்கள், அதுவும் நியாயமான கேள்வி.

1887ல் இன்னொரு சட்டம் வந்து விவசாய ஆய்வு நிலையங்களுக்குப் பணம் கொடுத்தது. 1914ல் வந்த சட்டம், அந்த ஆய்வு முடிவுகளை ஊர் ஊராகப் போய் விவசாயிக்குச் சொல்ல ஆள் போட்டது. மாநில மக்களின் வரிப்பணத்தில் நடப்பதால் அவர்கள் பிரச்சினையோடு வந்து கதவைத் தட்டலாம் என்ற பழக்கம் இதிலிருந்து வந்ததுதான்.

அப்படித் தட்டிய ஒருவர் கதை இது. 1933 பிப்ரவரி, விஸ்கான்சினில் கடும் பனிப்புயல். ஒரு விவசாயியின் மாடுகள் காரணம் தெரியாமல் ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தன. செத்த மாடு ஒன்றையும், உறையாத ரத்தத்தைப் பால் கேனில் ஊற்றியும், மாடு தின்ற கெட்டுப்போன தீவனத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு கிட்டத்தட்ட 200 மைல் ஓட்டி, விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இருக்கும் மேடிசனுக்கு வந்தார். சனிக்கிழமை, அலுவலகங்கள் எல்லாம் பூட்டு. திறந்திருந்தது கார்ல் பால் லிங்க் என்ற உயிர்வேதியியல் பேராசிரியரின் ஆய்வகம்தான். அன்றைக்கு அவரால் விவசாயிக்கு ஆறுதல் மட்டும்தான் சொல்ல முடிந்தது. ஆனால் அந்தத் தீவனத்தில் ரத்தத்தை உறையவிடாமல் செய்வது எது என்று அவருடைய குழு தேட ஆரம்பித்து, 1939ல் கண்டுபிடித்தது. அதை வைத்துப் பிறகு உருவாக்கிய வார்ஃபரின் முதலில் 1948ல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது, 1950களில் மனிதர்களுக்கு மாத்திரை ஆனது. 1955ல் மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவருக்குக் கொடுத்தார்கள். இதயத்தில் வால்வு மாற்றிய உறவினர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அந்த மாத்திரையை நீங்களே பார்த்திருப்பீர்கள். மாட்டுப் பண்ணை எதற்கு என்று கேட்டீர்களே!

கேள்வி: மகன் படிப்புக்கு முழுப் பணமும் நான் அனுப்புகிறேன். போன செமஸ்டர் மார்க் என்ன என்று பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டால் “சொல்ல முடியாது” என்கிறார்கள். பெற்ற அப்பனுக்கே சொல்லமாட்டார்களா? இது என்ன அநியாயம்?

கோபம் புரிகிறது சார், ஆனால் அவர்கள் சட்டப்படிதான் நடக்கிறார்கள். 1974ல் வந்த ஃபெர்பா என்ற சட்டம் அது. பள்ளியில் படிக்கும்வரை பிள்ளையின் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு. பிள்ளைக்கு 18 வயதானாலோ கல்லூரியில் சேர்ந்தாலோ அந்த உரிமை பிள்ளைக்குப் போய்விடும். பணம் யார் கட்டுகிறார்கள் என்பது கணக்கிலேயே வராது. விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்க வருமான வரிக் கணக்கில் பிள்ளையைத் தன்னைச் சார்ந்தவராகக் காட்டியிருக்கும் பெற்றோருக்குப் பல்கலைக்கழகம் சொல்லலாம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றாலும் சொல்லலாம். இரண்டும் பொருந்தாத உங்களுக்கு இருப்பது ஒரே வழி, மகன் எழுத்தில் சம்மதம் கொடுப்பது. பல இடங்களில் அவன் இணையத்திலேயே ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

செய்வானா என்பது உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கிற சமாச்சாரம். என் அனுபவத்தில், மார்க்கை மறைக்கிற பையன் பெரும்பாலும் ஒரு பாடத்தில் விழுந்திருப்பான், அதைச் சொன்னால் அப்பா அத்தையிடமும் சித்தப்பாவிடமும் சொல்லிவிடுவார் என்று பயந்திருப்பான். ஒரு பாடம் போனால் வாழ்க்கை போகாது, பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சராசரி ஒரு அளவுக்குக் கீழே போனால் பல்கலைக்கழகம் எச்சரிக்கும், அப்புறமும் தேறவில்லையென்றால்தான் வெளியே அனுப்பும். மாணவர் விசாவில் இருப்பவன் பயந்துபோய் யாரையும் கேட்காமல் பாடங்களைக் கைவிட்டு, முழுநேரப் படிப்புக்கு வேண்டிய அளவுக்குக் (இளநிலையில் வழக்கமாக 12 கிரெடிட்) கீழே போய்விடுவதுதான் உண்மையான ஆபத்து. ஆகவே “எத்தனை மார்க்?” என்று ஆரம்பிக்காமல் “இந்த செமஸ்டர் எத்தனை கிரெடிட் எடுத்திருக்கிறாய்?” என்று ஆரம்பியுங்கள். தயவுசெய்து பேராசிரியருக்கு மட்டும் மெயில் போடாதீர்கள்.

கேள்வி: சனிக்கிழமைகளில் ஊரே ஃபுட்பால் பைத்தியம் பிடித்து அலைகிறது. படிக்க வந்த இடத்தில் இது தேவையா?

ஒரு முறை போய்ப் பாருங்கள், விளையாட்டு புரியாவிட்டாலும் பரவாயில்லை (இது நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம்). மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் அதிகாரப்பூர்வ கணக்குப்படி 1,07,601 பேர் உட்காரலாம். அவ்வளவு பேர் ஒரே நிறத்தில் சட்டை போட்டுக் கத்துவதைப் பார்க்காமல் அந்த ஊர்க்காரர்களைப் புரிந்துகொள்ள முடியாது. பிடிக்கவில்லையா, நூலகத்துக்குப் போங்கள், அன்றைக்கு ஜன்னலோர மேஜை கிடைக்கும். வீடு மாறுவது, விமான நிலையம் போவது இதையெல்லாம் மட்டும் ஆட்ட நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள், சாலைகளை அடைத்துவிடுவார்கள், பஸ் எங்கெங்கோ சுற்றிப் போகும்.

அப்புறம், நீங்கள் கடையில் பார்க்கிற கேட்டரேட் பானம் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 1965ல் அங்கிருந்த ஃபுட்பால் அணிக்காகச் செய்தது. வெயிலில் விளையாடுகிறவர்களுக்கு ஏன் சிறுநீரே வருவதில்லை என்ற கேள்வியிலிருந்து ஆரம்பித்த ஆராய்ச்சி. ராயல்டியில் பல்கலைக்கழகத்துக்கு இன்றும் பங்கு உண்டு.

கேள்வி: முனைவர் பட்டம் இரண்டாம் வருடம். டி.ஏ. வேலை வாரம் 20 மணி நேரம் என்று கடிதத்தில் இருக்கிறது, ஆனால் 30க்கு மேல் போகிறது. அதற்கு மேல் கைடு ராத்திரி பகலாக ஆய்வக வேலை கேட்கிறார். எதிர்த்துப் பேசினால் விசாவைக் கெடுத்துவிடுவாரோ? – ஒரு ஆய்வு மாணவர்

முதலில் பயத்தை எடுத்துவிடுகிறேன் தம்பி: உங்கள் விசா ஆவணங்கள் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் கையில் இருக்கின்றன, கைடின் கையில் இல்லை. அவரால் உங்கள் சம்பளத்தைக் கெடுக்க முடியும், அது சின்ன விஷயம் இல்லை, ஆனால் இரண்டும் வேறு.

நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிப் பிரச்சினை, கலக்காதீர்கள். டி.ஏ. வேலைக்கு எல்லை உண்டு. எஃப் 1 என்ற மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்தில் வாரம் 20 மணிதான் வேலை செய்யலாம் என்பது விதி, ஆகவே 30 மணி வாங்குவது அவர்களுக்கும் சங்கடம். மூன்று வாரம் எதற்கு எவ்வளவு நேரம் போனது என்று எழுதி வையுங்கள், விடைத்தாள் திருத்த இத்தனை, வகுப்புக்குத் தயாராக இத்தனை என்று. அந்தத் தாளோடு பாடத்தின் பேராசிரியரிடம் போய், “இதில் எதைக் குறைக்கட்டும்?” என்று கேளுங்கள். பாதிப் பேர் அதிலேயே இறங்கிவந்துவிடுவார்கள், உண்மையில் அவர்களுக்குக் கணக்கே தெரிந்திருக்காது.

ஆய்வக வேலைதான் சிக்கல். உங்கள் பட்டத்துக்கான ஆராய்ச்சி எங்கே முடிகிறது, அவருக்கான வேலை எங்கே ஆரம்பிக்கிறது என்று யாராலும் கோடு போட முடியாது, அந்த மங்கலில்தான் எல்லாச் சுரண்டலும் நடக்கிறது. துறையில் முதுநிலை மாணவர்களுக்கான பொறுப்புப் பேராசிரியர் ஒருவர் இருப்பார். குறைகளைக் கேட்டு வழி சொல்லும் ஆம்பட்ஸ் அலுவலகம் என்று ஒன்றும் பல இடங்களில் உண்டு, அங்கே பேசுவது வெளியே போகாது. கைடை மாற்ற வேண்டுமென்றால் இரண்டாம் வருடத்தில் மாற்றுவது நான்காம் வருடத்தில் மாற்றுவதைவிட எவ்வளவோ சுலபம். இன்னொருவர் உங்களை எடுத்துக்கொள்ளத் தயாரா என்று சத்தமில்லாமல் கேட்டுவிட்டு அப்புறம் இவரிடம் பேசுங்கள், வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

சங்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். விஸ்கான்சின் டி.ஏ.க்கள் 1966லேயே சங்கம் அமைத்து, 1970ல் வேலைநிறுத்தம் செய்து ஒப்பந்தம் வாங்கினார்கள். 2011ல் அந்த மாநிலச் சட்டம் மாறி அவர்களின் பேரம் பேசும் உரிமையில் பெரும்பகுதியைப் பறித்தது என்பது அடுத்த கதை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2022 நவம்பரில் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்து சம்பளத்தைக் கணிசமாக உயர்த்திக்கொண்டார்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடும், உங்கள் மாநிலத்தில் எப்படி என்று விசாரியுங்கள்.

கேள்வி: கம்யூனிட்டி காலேஜ் என்கிற உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரியில் படித்துவிட்டுப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்கிறார்கள். கௌரவக் குறைச்சல் இல்லையா?

இல்லவே இல்லை. கலிஃபோர்னியாவில் 1960ல் போட்ட திட்டமே அப்படித்தான்: மேல்நிலையில் முதல் எட்டில் ஒரு பங்கு மாணவர்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, முதல் மூன்றில் ஒரு பங்கு மாநிலக் கல்லூரிகளுக்கு, மற்ற யாரும் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து பின்னால் மாறிக்கொள்ளலாம். பட்டத்தில் எந்த வழியாக வந்தீர்கள் என்று போடமாட்டார்கள். எந்தப் பாடத்தின் கிரெடிட் மாறும், எது மாறாது என்பதை மட்டும் சேருவதற்கு முன்பே பாடவாரியாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு அறை வாடகை கட்டி மாளவில்லை. மலிவாக எதாவது உண்டா?

கூட்டுறவு விடுதிகளைப் பாருங்கள். பெர்க்லியில் 1933லிருந்து நடக்கிறது, பொருளாதார மந்தத்தில் மாணவர்களே ஆரம்பித்தது. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் சமையலோ கழுவுவதோ வேலை செய்ய வேண்டும், வாடகை வெளியைவிட நன்றாகவே குறைவு. சத்தமும் குப்பையும் தாங்குகிறவளாக இருந்தால் சரி.

கேள்வி: அங்கே நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் கிடைக்குமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

கிடைக்கும், நீங்கள் நினைப்பதைவிட நிறைய. ஐம்பதுகளில் அமெரிக்கா இந்தியாவுக்குக் கோதுமை அனுப்பியபோது அதற்கு விலையை ரூபாயிலேயே வாங்கிக்கொண்டது. குவிந்த அந்த ரூபாயில் ஒரு பகுதிக்கு 1962லிருந்து இந்திய மொழிப் புத்தகங்களும் இதழ்களும் வாங்கி, பெர்க்லி, விஸ்கான்சின் போன்ற பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார்கள். நம் ஊரில் கரையான் தின்ற பதிப்புகள் சில அங்கே அட்டை கட்டி அலமாரியில் நிற்கின்றன. தாங்கள் படிக்கிற இடத்தில் இல்லாத நூலையும் மாணவர்கள் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரவழைத்து வாங்கலாம், பெரும்பாலும் கட்டணம் கிடையாது. அங்கே படிக்கும் பேரனோ பேத்தியோ இருந்தால் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு வருடம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். தமிழ்ப் பெயரை அங்கே ஆங்கில எழுத்தில் ஒரு தனி முறையில் பதிந்திருப்பார்கள், ‘ழ’வுக்குக் கீழே கோடு அது இதென்று. தேடிக் கிடைக்கவில்லையென்றால் தெற்காசியப் பிரிவு நூலகருக்கு ஒரு மெயில் போட்டால் அவரே எடுத்துக் கொடுப்பார்.